தீப்பெட்டியின் கவுனும் போலீஸ் பாட்டிலும்

திருத்தணியில் தீப்பெட்டியிடம் சட்டை நுனியைக் கொடுத்துவிட்டு மானத்தோடு வீடு திரும்பியவன் ஒருவனும் கிடையாது. இதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்து சொல்வேன். மலைமேல் இருக்கும் முருகன்கூட, அவள் கைக்கு எட்டாத தூரத்தில் பட்டு கட்டிக்கொண்டு நிற்பதால்தான் தப்பித்தார் என்பது எங்கள் லைன் வீட்டின் பொதுக் கருத்து.

அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. கல்லூரி அடையாள அட்டைக்கு வெளியே அதை யாரும் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. அம்மையார்குப்பத்தில் பவர்லூம் ஓட்டும் வீட்டுப் பெண். சென்னைப் பக்கம் ஒரு கல்லூரியில் ஃபேஷன் டிசைனிங் படித்தாள். ஊரிலிருந்து பஸ் பிடித்து வருவதற்குள் காலை ரயில் போய்விடும் என்பதால் அடிவாரத்தில் எங்கள் லைன் வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். வரிசையாக அறைகள், எல்லோருக்கும் சேர்த்து ஒரு வாசல், ஒரு குழாய். அந்தக் குழாயடியில்தான் எல்லாச் சண்டையும் நடக்கும், எல்லாச் சமாதானமும் நடக்கும்.

நான் அப்போது மொட்டைத் தலைகளுக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் மணவூர் ஸ்டேஷனில் டீ தூக்கினேன். அதற்கு முன் திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டினேன். எல்லாவற்றுக்கும் முன் எட்டாம் வகுப்பில் பாதி வரை படித்தேன். எதுவும் ஒட்டவில்லை. சந்தனம் மட்டும் கொஞ்ச காலம் கையில் ஒட்டியது.

தீப்பெட்டி என்ற பெயர் அவளுக்கு வந்தது இப்படித்தான். தெருவில் யாராவது புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனால் போதும், பின்னாலேயே ஓடுவாள்.

"அண்ணா, ஒரு நிமிசம் நில்லுங்க."

"இன்னாமா?"

"ஒரே ஒரு நூலுணா."

அவன் சரி என்பதற்குள் சட்டையின் உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவியிருப்பாள். பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து அந்த நூலைக் கொளுத்துவாள். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனை வந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் என்றால் உருகிச் சுருண்டு, நுனியில் கறுப்பாக ஒரு மணி உட்காரும். அந்த மணியை அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டுச் சொல்வாள்:

"பாத்தீங்களா? பாலியஸ்டரும் தண்ணி பாட்டிலும் ஒரே பொருளுதான். நீங்க போட்டுகினு கீறது சட்டை இல்லணா. தண்ணி பாட்டிலு."

ரயிலில் டிக்கெட் கேட்ட பரிசோதகரிடம் அவர் கோட்டின் நூலைக் கேட்டவள் அவள். மாலையோடு உட்கார்ந்திருந்த ஒரு மாப்பிள்ளையின் வேட்டிக் கரையைப் பிடித்து, "சுத்த பருத்தின்னு சொன்னாங்களா? நல்லா ஏமாத்திட்டாங்க" என்று சொன்னவளும் அவள்தான். அந்தக் கல்யாணத்தில் எங்களுக்கு இரண்டாவது தடவை சாம்பார் ஊற்றவே யாரும் வரவில்லை.

அவள் செய்த அநியாயங்களிலேயே பெரியது ஓனரம்மா விஷயம். லைன் வீட்டின் சொந்தக்காரியை நாங்கள் ஓனரம்மா என்போம். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலில் தமிழ், குழாயடியில் இரண்டும் கலந்து பேசுவார். பேத்தியின் காதுகுத்துக்கு மருமகன் எடுத்துக் கொடுத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் முந்தானையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். தீப்பெட்டிக்கும் விரித்துக் காட்டினார். அதுதான் தப்பு.

"ஓனரம்மா, பட்ட எரிச்சா முடி பொசுங்குற வாசன வரணும். இந்த ஊருல முடி வாசன தெரியாத ஆளு உண்டா? நீங்களே மோந்து பாருங்க."

ஓனரம்மா மோந்து பார்த்தார். முடி வாசனை வரவில்லை. நூல் நுனியில் அந்தக் கறுப்பு மணிதான் வந்தது. பந்தியில் உட்கார்ந்திருந்த மருமகன் பாயசத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார்.

"ஏம்மா, ஒன்ன நான் பெத்த புள்ளையாட்டம் நெனச்சேனே" என்று ஓனரம்மா ஆரம்பித்தது இருட்டும் வரை ஓடியது. மறுநாளிலிருந்து தீப்பெட்டியைக் காணும்போதெல்லாம் "ரூமைக் காலி பண்ணு" என்பார். அவளும் "ஆங், பண்றேன் ஓனரம்மா" என்று சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்கிக்கொண்டு போவாள். காலி பண்ணச் சொல்வது, சரி என்பது, இரண்டும் அவர்களுக்குள் காலை வணக்கம் மாதிரி ஆகிவிட்டது.

இப்படி ஊர்த் துணியையெல்லாம் கொளுத்திப் பார்த்தவள் ஒரே ஒரு துணியைக் கொளுத்திப் பார்க்கவில்லை. தன்னுடையதை.

கடைசி வருடப் பரீட்சைக்கு ஒவ்வொருவரும் ஓர் உடை வடிவமைத்துத் தைத்துக் காட்ட வேண்டும். இவள் தலைப்பு, சுற்றுச்சூழலைக் கெடுக்காத உடை. கைத்தறித் துணி, வெங்காயத்தோல் சாயம் என்று எல்லாம் சரியாகத்தான் செய்தாள். பரீட்சை வைத்த அம்மாள் கவுனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தையலிலிருந்து ஒரு நூலைப் பிரித்து, "உன் தீப்பெட்டியைக் கொடு" என்றாராம். துணியெல்லாம் பருத்தி. தைத்த நூல் கடையில் வாங்கிய பாலியஸ்டர். அவள் தீப்பெட்டியாலேயே அவள் கவுனுக்குக் கொள்ளி வைத்துவிட்டு, ஃபெயில் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார் அந்த அம்மாள்.

அடுத்த தடவை ஒன்றுதான் பாக்கி. அதிலும் போனால் பட்டம் இல்லை. ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் மாதிரி உடைகள் தைக்கும் அறையில் அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பட்டம் இல்லாவிட்டால் அந்த வேலையும் இல்லை. நேராக ஊருக்குப் போய் அப்பாவின் பவர்லூமில் உட்கார வேண்டியதுதான்.

"அதுக்கு இன்னாம்மா, சொந்தத் தொழிலுதானே?" என்றேன்.

"அண்ணா, எங்கப்பா தறியில ஓடுறது இன்னான்னு தெரியுமா? முழுக்க முழுக்க பாலியஸ்டரு. காலைலேந்து சாயந்திரம் வரைக்கும் நான் தண்ணி பாட்டில நெய்யணும்."

அதைச் சொன்னபோது மட்டும் அவள் சிரிக்கவில்லை.

இரண்டாவது கவுனுக்கு அவள் கறுப்பு நிறம் என்று முடிவு செய்தாள். எல்லோரும் பழுப்பு, மஞ்சள் என்று செய்யும்போது உனக்கு மட்டும் ஏன் கறுப்பு என்று கேட்டேன்.

"இயற்கைன்னா சாணி கலர்னு எல்லாரும் நெனச்சிகினு கீறாங்கணா. நல்ல கறுப்பு பண்ணிக் காட்டுனாத்தான் வாய மூடுவாங்க."

துணி கைத்தறி. நூல்தான் தகராறு. தறிக்கு வரும் பருத்தி நூலை இரண்டிரண்டாகச் சேர்த்து முறுக்கி, கஞ்சி போட்டு, அதில் தைத்தாள். முறுக்குவதற்கு ஒரு முனையை என் கால் கட்டைவிரலில் கட்டிவிடுவாள். நான் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படியும் மிஷினில் ஒரு முழம் போவதற்குள் நூல் அறுந்துவிடும். அறுந்தால் ஒரு கெட்ட வார்த்தை வரும். அந்த மாதம் அவள் அறையிலிருந்து வந்த வார்த்தைகளைக் கேட்டு, கரும்பு வெட்டப் போன இடத்தில்கூட நான் இத்தனை கற்றுக்கொள்ளவில்லையே என்று வியந்தேன். ஜிப் கிடையாது, அது பிளாஸ்டிக். எலாஸ்டிக் கிடையாது, அது ரப்பரும் பாலியஸ்டரும். பட்டனுக்குக் கொட்டாங்கச்சி. அதை வாசல் கல்லில் உரசி உரசி வட்டமாக்கியது நான்தான்.

அடுத்தது, தைத்ததைப் போட்டுப் பார்க்க ஒரு பொம்மை வேண்டும். கல்லூரியில் இருந்த பொம்மை பிளாஸ்டிக். "பிளாஸ்டிக் மேல போட்டுப் பாத்த துணிய இயற்கைன்னு எப்பிடிணா சொல்றது?" என்று என்னைக் கூப்பிட்டு நிறுத்தினாள். நாடாவை எடுத்து என் இடுப்பைச் சுற்றியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணா! இது மாடலிங் இடுப்புணா! இதுக்காக மெட்ராஸ்ல பொண்ணுங்க பட்டினி கெடக்குறாங்க."

"நானும் அப்பிடித்தாம்மா வாங்குனேன்" என்றேன்.

அப்புறம்தான் கறுப்புச் சாயம். அது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. துணியைக் கடுக்காய்ப் பொடியும் எருமைப் பாலும் கலந்த நீரில் தோய்த்துக் காயவைக்க வேண்டும். இன்னொரு பக்கம் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் பானையில் தண்ணீர் ஊற்றி வாரக்கணக்கில் ஊறவிட வேண்டும். ஊறிய நீர் கடுக்காய்த் துணியில் பட்டால் பட்ட இடம் கறுப்பு. காளஹஸ்தி பக்கம் துணியில் சித்திரம் எழுதுகிறவர்கள் காலங்காலமாகச் செய்வது. இடுப்புப் பட்டைக்கு மட்டும் பழுப்பு நிறம் வேண்டும் என்று வேலம்பட்டையும் வாங்க வேண்டியிருந்தது.

வெல்லம், கடுக்காய், வேலம்பட்டை. இந்த மூன்றையும் சேர்த்து வாங்குகிறவர்கள் ஆந்திர எல்லையோரம் இருக்கும் எங்கள் பக்கத்தில் வேறு ஒரு காரியத்துக்குத்தான் வாங்குவார்கள். இது நாட்டு மருந்துக்கடைக்காரருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரியாதவள் அவள் ஒருத்திதான்.

கடைக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"எத்தினி லிட்டரு ஊறல் போடுற?"

"ஒரு பானைதாங்க. காலேஜுக்கு."

"காலேஜுக்கா!" என்றார் அவர். "நாடு எங்கியோ போயிகினு கீது."

குளியலறைக்குப் பின்னால் பானையைப் பாதி புதைத்து, வாயில் துணி கட்டி வைத்தாள். ஒரு வாரம் கழித்து நுரை தள்ளியது. இரண்டாவது வாரம் வாசனை கிளம்பியது. அந்த வாசனை வந்த பிறகு லைன் வீட்டு ஆண்கள் அவளிடம் காட்டிய மரியாதையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குழாயடியில் அவளுக்கு முதலிடம் கிடைத்தது. மூன்றாம் அறையிலிருந்த பெயின்டர், சுவருக்கு வெள்ளையடிக்கும் மனிதர், அதுவரை அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு நாள் சாயந்திரம் மாங்காய் ஊறுகாய் பாட்டிலோடு வந்து நின்றார்.

"எப்போம்மா தொறக்கப் போற?"

"இன்னும் கொஞ்ச நாள் ஊறணுங்க."

"ஊறட்டும், ஊறட்டும். அவசரப்பட்டா கெட்டுடும். பால்ல தோச்சி துணி ஒண்ணு காயப் போட்டுகினு கீறியே, அது வடிகட்டத்தானே?"

"அது கவுனுங்க."

"வெவரமான பொண்ணு. கேட்டா கவுனுன்னு சொல்லிடலாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நான் அவரிடம் இது சாயம் என்று சொன்னேன். என் அப்பா மீது ஆணையிட்டுச் சொன்னேன். அவர் என் தோளில் தட்டி, "நீ பங்குக்கு நிக்கிற ஆளு, அப்பிடித்தான் சொல்லுவ" என்றார்.

ஊறல் பதமாகிவிட்டது, விடிந்ததும் கவுனை முக்கலாம் என்று அவள் சொன்ன அன்று சாயந்திரம், அவள் ரயிலில் வருவதற்கு முன்பே பெயின்டர் குளியலறைக்குப் பின்னால் போயிருக்கிறார். டம்ளரோடு. வாய் நிறைய பாக்கோடு.

துவர்ப்பு உள்ள எதன்மேல் பட்டாலும் அந்த நீர் கறுக்கும். பாக்கு நல்ல துவர்ப்பு. பெயின்டர் அலறிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அவர் நாக்கு, பல், உதடு எல்லாம் தார் ஊற்றிய ரோடு மாதிரி இருந்தன. ஓனரம்மா பார்த்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் தீப்பெட்டி ரயிலிறங்கி உள்ளே வந்தாள். பெயின்டரின் முகத்தைத் தாடையோடு பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"பாக்கு போட்டிருந்தீங்களா?"

"ஆங்ங்" என்றார் அவர், அழுதுகொண்டே.

"அண்ணா, பாருங்கணா! பாக்குலயும் புடிக்குது! இன்னா கறுப்பு! கொஞ்சம்கூட திட்டு இல்ல!" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

இரண்டு நாள் வயிற்றுப்போக்கோடு பெயின்டர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அன்று ராத்திரியே ஆஸ்பத்திரியில் டாக்டர் "என்ன குடிச்சே?" என்று கேட்டதற்கு, "எங்க லைன்ல காலேஜ் பொண்ணு காய்ச்சுறது சார், சரக்கு கொஞ்சம் ஸ்ட்ராங்கு" என்று சொல்லிவிட்டார். டாக்டர் போலீசுக்குச் சொல்லாமல் என்ன செய்வார்?

மறுநாள் காலையில் கவுனைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் பானைத் துணியை அவிழ்க்கிறாள், ஜீப் வந்து நிற்கிறது. எந்த ஸ்டேஷன் என்று எழுத மாட்டேன். அங்கே இருந்த ரைட்டர், அதாவது எழுத்து வேலை பார்த்த ஏட்டையா, இன்னும் சர்வீஸில் இருக்கிறார். நல்ல மனிதர். எஸ்.ஐ. புதிதாக வந்தவர், சின்ன வயசு. பானையை மோந்தார். வெல்ல மூட்டையைப் பார்த்தார். கடுக்காயைப் பார்த்தார். வேலம்பட்டையைப் பார்த்தார். புத்தகத்தில் படித்ததெல்லாம் ஒரே இடத்தில் கிடைத்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

"சாம்பிள் எடுத்துட்டு மிச்சத்தைக் கொட்டு" என்றார்.

"சார்! கொட்டாதீங்க சார்! நாளான்னிக்கு பரீட்ச சார்!"

"சாராயத்துல என்னம்மா பரீட்சை?"

இரண்டு பாட்டிலில் சாம்பிள் பிடித்தார்கள். ஒன்று லேபுக்கு, ஒன்று ஸ்டேஷனுக்கு. மிச்சமெல்லாம் சாக்கடைக்குப் போனது. சாக்கடை அதுவரை கறுப்பாக இல்லாததுபோல அன்று அப்படிக் கறுத்து ஓடியது. தீப்பெட்டி அதன் ஓரமாகக் கவுனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊறவைக்க வாரங்கள் ஆகும். பரீட்சைக்கு நடுவில் ஒரு நாள்தான் இருந்தது. ஓனரம்மா காலி பண்ணச் சொல்ல வாயைத் திறந்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து கொடுத்தார்.

ஸ்டேஷனில் அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் எஸ்.ஐ.யின் மேசைமேல் கவுனின் மடிப்பை விரித்து, "சார், அந்த பாட்டில்லேந்து ஒரே ஒரு சொட்டு விடுங்க" என்றாள். ரைட்டர் ஈர்க்குச்சியில் தொட்டு ஒரு சொட்டு விட்டார். வெளிறிய மஞ்சள் துணியில் சொட்டு விழுந்தது. எல்லோரும் பார்க்கப் பார்க்க மையாகக் கறுத்தது. ரைட்டர் "அடேங்கப்பா" என்று நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். எஸ்.ஐ. தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

"இதுல விடுங்க."

விட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. லேசாகப் பழுப்பு ஈரம்.

"இதுல ஏன் வரல?"

"சார், கடுக்கா போட்டாத்தான் வரும். கடுக்கா போட்டாலும் உங்க கர்ச்சீப்புல வராது. அது தண்ணி பாட்டிலு."

எஸ்.ஐ. கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். சாராயம் இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் லேப் ரிப்போர்ட் வரும் வரை கேஸ் கேஸ்தான்.

"பாட்டிலைக் குடுங்க சார், போதும்."

"அது எவிடென்ஸ்மா. ஸ்டேஷனை விட்டு வெளியே போகக்கூடாது."

தீப்பெட்டி அந்த பாட்டிலைக் கண்ணாலேயே அளந்தாள். கவுனை முக்க ஒரு பானை வேண்டும். துணியில் கோடு போட ஒரு பாட்டில் போதும்.

"பாட்டிலு வெளிய வர வேணாம் சார். நான் உள்ள வரலாமா?"

எஸ்.ஐ. ரைட்டரைப் பார்த்தார். ரைட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஸ்டேஷனுக்கு வராதேன்னு பப்ளிக்க சொல்றதுக்கு நமக்கு அதிகாரம் இல்லீங்க ஐயா."

மறுநாள் காலை நாங்கள் போய்ச் சேர்ந்தோம். மூங்கில் குச்சியைச் சீவி, அதில் துணி சுற்றி, பாட்டிலில் தோய்த்து எழுத வேண்டும். கவுனைத் தரையில் விரிக்கலாம் என்றால், அங்கே அத்தனை பூட்ஸ் நடமாட்டம். மேசையில் விரிக்கலாம் என்றால், மேசை நிறைய கேஸ் கட்டு. தீப்பெட்டி என்னைப் பார்த்தாள். நான் லாக்கப்பைப் பார்த்தேன். அது காலியாகத்தான் இருந்தது. அங்கே போய் கவுனைப் போட்டுக்கொண்டு வந்து, ஸ்டேஷன் நடுவில், கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு நின்றேன். போலீஸ் ஸ்டேஷனில் நான் நின்றது அது முதல் தடவை இல்லை. ஆனால் யாரும் அடிக்காமல் நின்றது முதல் தடவை.

என்ன வரைவது என்பதுதான் கேள்வி. இருந்தது ஒரு பாட்டில், நிரப்ப வேண்டியது ஒரு கவுன். அவள் யோசித்து மொட்டைத் தலை வரைந்தாள். முடி இல்லாததால் மை கம்மி. ஒரு வட்டம், இரண்டு காது, முடிந்தது. கவுனின் கீழ் விளிம்பிலிருந்து மலைப்படி ஆரம்பித்தது. படி முழுக்க மொட்டைத் தலைகள் வரிசையாக ஏறின. முழங்காலைச் சுற்றி, தொடையைச் சுற்றி, இடுப்பைச் சுற்றி ஏறிக்கொண்டே போயின. குழந்தை மொட்டை, தொப்பை மொட்டை, தூங்குகிற மொட்டை, செருப்பைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற மொட்டை. புகார் கொடுக்க வந்தவர்களெல்லாம் அவர்களுக்கே தெரியாமல் மொட்டையாகிக் கவுனில் ஏறினார்கள்.

மாட்டைக் காணோம் என்று புகார் கொடுக்க வந்த ஒரு பெரியவர் என்னையே சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் ரைட்டரிடம் கேட்டார்.

"ஐயா, இவரு இன்னா கேஸு?"

"அது கேஸு இல்ல, பரீட்ச. நீ மாட்ட சொல்லு."

"ஆம்பளைக்கு கவுன் மாட்டி நிக்க வெக்கிற அளவுக்கு இன்னா பண்ணாரு?"

"யோவ், மாட்டு கலரு இன்னாய்யா?"

"கறுப்புங்க" என்றார் பெரியவர், கவுனைப் பார்த்துக்கொண்டே.

மத்தியானத்துக்குமேல் ரைட்டர் தானும் ஒரு ஓரமாகக் கவுனில் இருக்கலாமா என்று கேட்டார்.

"உங்களுக்கு முடி நெறைய கீதே சார். மை பத்தாது. மொட்டைன்னா சேத்துக்கறேன்."

ரைட்டர் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "சரி, மொட்டையாவே போடு. மீச மட்டும் வெச்சிடு" என்றார். அதைக் கேட்ட எஸ்.ஐ. கேஸ் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு எழுந்தார். போகிற போக்கில், "என்னைப் போட்டா தொப்பி போடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். போட்டாள். சாயந்திரம் கடைசி மொட்டை என் தோள்பட்டையில் ஏறி நின்றபோது பாட்டிலும் காலியானது.

"எவிடென்ஸு எங்கே?" என்றார் எஸ்.ஐ.

"அத்தனையும் இவர் மேலதான் கீதுங்க ஐயா" என்றார் ரைட்டர், என்னைக் காட்டி.

பரீட்சை நாளன்று அவளோடு நானும் ரயிலேறினேன். கொட்டாங்கச்சி பட்டன் ஏதாவது தெறித்தால் மாற்றுவதற்கு என் கையில் ஒரு பொட்டலம். மேடையில் உடையைப் போட்டுக்கொண்டு நடந்து காட்ட வேண்டும். அதற்காக ஜூனியர் பெண் ஒருத்தியை ஏற்பாடு செய்திருந்தாள். அந்தப் பெண் கவுனோடு அறைக்குள் போனாள். நெடுநேரம் கழித்து வெளியே வந்தாள். தோளில் கவுன் தொளதொளவென்று தொங்கியது. இடுப்பில் ஒரு பட்டன்கூடப் பூட்ட வரவில்லை.

தீப்பெட்டி அவளைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அப்போதுதான் எங்கள் இருவருக்குமே உறைத்தது. இத்தனை மாதம் வெட்டியது, பிடித்தது, தைத்தது எல்லாம் என் அளவு. அந்தப் பெண்ணை ஒரு தடவைகூட நாடா வைத்து அளக்கவில்லை. பிரித்துத் தைக்க நேரம் இல்லை. உள்ளே அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அம்மையார்குப்பத்துத் தறிச் சத்தம் அவள் காதில் கேட்டிருக்க வேண்டும்.

"குடும்மா கவுன" என்றேன்.

போலீஸ் ஸ்டேஷனில் போட்டுக்கொண்டு நின்றவனுக்கு மேடை என்ன பெரிய விஷயம்? ஆனால் ஸ்டேஷனில் யாரும் கைதட்டவில்லை, விசிலும் அடிக்கவில்லை. இங்கே இரண்டும் நடந்தன, பாராட்டாக இல்லை. நான் காலைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். தீப்பெட்டி பக்கத்தில் வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "தலைய தூக்கி நடங்கணா, வயித்துல கீற மொட்டையெல்லாம் மடங்குது" என்றாள். தூக்கினேன்.

போன தடவை ஃபெயில் போட்ட அதே அம்மாள் கீழே உட்கார்ந்திருந்தார். என்னை அருகில் கூப்பிட்டார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கால் விளிம்பிலிருந்து தோள்வரை ஒவ்வொரு மொட்டையாகப் படித்தார். மீசை வைத்த மொட்டையில் அவர் கண் கொஞ்சம் நின்றது. பிறகு உள்தையலில் ஒரு நூலைப் பிரித்துக்கொண்டு கையை நீட்டினார். தீப்பெட்டி தீப்பெட்டியைக் கொடுத்தாள். நூல் எரிந்தது. காகித வாசனை வந்தது. சாம்பல் அந்த அம்மாளின் மேசைமேல் உதிர்ந்தது. மணி எதுவும் உட்காரவில்லை.

"நூல் சரி. இது யாருடைய அளவு?"

பொய் சொல்ல ஒரு நல்ல இடம் அது. என்னென்னவோ பெரிய வார்த்தை சொல்லித் தப்பித்திருக்கலாம்.

"இவரோடதுதான் மேடம். வேற யாரையும் நான் அளக்கல. மறந்துட்டேன்."

அந்த அம்மாள் என் தோள் தையலை விரலால் தடவினார். கையைத் தூக்கச் சொன்னார். திரும்பச் சொன்னார். உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னார். எங்கேயும் இழுக்கவில்லை, எங்கேயும் தொங்கவில்லை.

"யாருக்குத் தைச்சியோ அவருக்குச் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் குனிந்து எழுதினார். பாஸ். பெரிய மார்க் ஒன்றும் இல்லை, பாஸ். தீப்பெட்டி மேடைக்குப் பின்னால் வந்து, நூல் அறுந்தபோது சொல்லும் வார்த்தைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் சந்தோஷமாகச் சொன்னாள்.

லேப் ரிப்போர்ட்டில் சாராயம் இல்லை என்று வந்து கேஸும் மூடியது. அவள் கம்பெனி வேலைக்குப் போனாள். நான் அடுத்த ஊருக்குப் போனேன். கிளம்புவதற்கு முன்னால் கவுனைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "உங்க அளவுணா அது. வேற யாருக்கு ஆவும்? நீங்களே வெச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டாள்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நான் போட்டதெல்லாம் வேறு யாரோ போட்டுக் கழற்றியது. அண்ணன் சட்டை, முதலாளி மகனின் பேண்ட், மொட்டையடித்தவர்கள் குளத்தில் முழுகிவிட்டுக் கரையில் விட்டுப்போன வேட்டி. தோள் சரியாக இருந்தால் கை எட்டாது. நீளம் சரியாக இருந்தால் இடுப்பில் கயிறு கட்ட வேண்டும். அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை, துணி துணிதான். ஆனால் இந்த உடம்பை நாடா வைத்து அளந்து, நூல் அறுந்து அறுந்து திட்டிக்கொண்டே ஒருத்தி உட்கார்ந்து தைத்தது என்று எனக்கு அது ஒன்றுதான் இருக்கிறது. அது கவுனாகப் போய்விட்டதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.